நகுலன் முகமும் சகாதேவன் முகமும்

10-1-82, ஞாயிறு

பன்னிரண்டாவது ஜோடி கிடைத்தது. இதுவும் ராமன், லட்சுமணன்தான். பன்னிரண்டில் ஐந்து ஜோடி ராமன், லட்சுமணன். பெயரை எழுதினால் எனக்கே குழம்பும் என்று எண் போட்டு வைத்திருக்கிறேன்.

இரட்டையரைத் தேடித் தருவது இவர்தான், என் வீட்டுக்காரர். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு வருகிற ஒவ்வொருவரிடமும், எடை முடிந்ததும், "உங்க ஊர்ல ரெட்டைப் புள்ளைங்க இருக்காங்களா? பதினாறு வயசுக்கு மேல?" என்று கேட்கிறாராம். ஏதோ சம்பந்தம் பேச என்று முதலில் நினைத்துக்கொள்கிறார்கள். "என் வீட்டம்மா காலேஜ்ல விலங்கியல் டீச்சர், முகப்பரு ஏன் வருதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க" என்றதும் சிரிப்பு. "இதுக்கு இன்னா சார் ஆராய்ச்சி? மல்லாட்டை ஜாஸ்தி தின்னா வருது. கம்மி பண்ணா போவுது." என் டாக்டர் பட்டம் அங்கேயே தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

மல்லாட்டை இல்லை என்று நிரூபிக்க எனக்கு நாற்பது ஜோடி வேண்டும். ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையருக்குப் பிறப்போடு வந்தது எல்லாம் ஒன்று. இரண்டு கருவிலிருந்து வந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான், பாதிதான் ஒன்று. முதல் வகை ஜோடிகளின் முகங்கள் இரண்டாம் வகையைவிட அதிகம் ஒத்துப்போனால், பரு தின்னதால் வரவில்லை, பெற்றவர்களிடமிருந்து வந்தது என்று சொல்லலாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

19-1-82

சிகரெட் தாள் தீர்ந்துவிட்டது.

நெற்றியைத் துடைத்து, தாளை ஒட்டி, மேலே துணிக்கட்டுப் போட்டு மூன்று மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். தோல் விடுகிற எண்ணெயைத் தாள் குடித்துக்கொள்ளும். அந்த எண்ணெயை ஈதரில் இறக்கி எடை போடுவது. சுருட்டாத வெறும் சிகரெட் தாள்தான் இதற்குத் தோது. மதராஸிலிருந்து கைடு கொடுத்த கட்டு முடிந்தது. தேரடித் தெருவில் ஆறு கடை ஏறி இறங்கினேன். சேலை கட்டிய பொம்பளை சிகரெட் தாள் கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தார்கள்.

20-1-82

கிடைத்துவிட்டது! ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்களில் சிலர் தாங்களே சுருட்டிப் பிடிக்கிறவர்களாம். இவர் சைக்கிளில் போய் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டாராம். இவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் "என் மனைவிக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மனிதர் எழுந்து நின்று கை குலுக்கி நான்கு கட்டு கொடுத்தாராம்.

இரவு சாப்பிடும்போது நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

31-1-82, ஞாயிறு

வேட்டவலம் ரோட்டில் ஒரு ஊர். ஒரே நாளில் இரண்டு ஜோடி. நான்கு பேரும் நெற்றியில் கட்டோடு வேப்ப மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, போகிறவர் வருகிறவரெல்லாம் எந்தச் சண்டை, எப்போது நடந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

7-2-82

சரோஜா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். என் கன்னத்துக் குழிகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்: "எனக்கும் இந்த மாதிரி வருமாம்மா?"

ஏழு வயது. வராது என்று சொல்லியிருக்கலாம். "வந்தாலும் வரலாம். எங்க அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கு வந்துச்சு" என்றேன்.

"வலிக்குமா?"

"வர்றப்ப கொஞ்சம் வலிக்கும்."

சரி என்று எழுந்து விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு அவ்வளவுதான். பதினாறு வயதில் நான் ஒரு வருடம் பள்ளிக்கூட போட்டோவுக்குக்கூட நிற்கவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டுக்காரர்கள் காபியைக் குடித்துவிட்டு, 'லெட்டர் போடறோம்' என்று போனார்கள். நான்காவதாக வந்தவர் இவர். பஜ்ஜி நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு கிடைக்குமா என்று கேட்டார். முகத்தைப் பார்த்தாரா என்றே எனக்கு இன்றுவரை சந்தேகம்.

21-2-82, ஞாயிறு

பதினேழாவது ஜோடி. கீழ்பென்னாத்தூரிலிருந்து மூன்று மைல் உள்ளே. நகுலன், சகாதேவன், வயது பத்தொன்பது. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர், அதனால் அந்தப் பெயர். அப்பா இறந்து நான்கு வருடம். அம்மா காசியம்மாள். இரண்டு ஏக்கர் மானாவாரி.

நகுலன் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். சகாதேவன் தினம் பஸ் ஏறி வந்து தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். ஒரே உயரம், ஒரே தோள், காது மடல்கூட ஒரே மாதிரி. ஆனால் முகம்! நகுலனுக்கு நெற்றியில் நாலைந்து பரு, அந்த வயதுக்கு உள்ளதுதான். சகாதேவன் முகம் முழுக்கச் சிவந்து கிடக்கிறது. நெற்றி, கன்னம், மார்பு, தோள். நூற்றுப் பத்து வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்றும் கவனித்தேன். எல்லாம் ஒரே அளவு. மற்றவர்களிடம் பெரிது, சின்னது, கரும்புள்ளி என்று கலந்து இருக்கும். இவனிடம் கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை.

எப்போதிலிருந்து என்றேன். தை பிறந்ததிலிருந்து என்றான். சாப்பாடு, சோப்பு, எண்ணெய் எல்லாம் கேட்டேன். இருவருக்கும் ஒரே சட்டிச் சோறு. "மருந்து மாத்திரை எதாவது சாப்பிடறியா?" "இல்ல மேடம்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

கடை முதலாளி அவனைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னால் குடோனில் போட்டுவிட்டாராம். "கஸ்டமருங்க மூஞ்சி சுளிக்கிறாங்கன்னாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். 

23-2-82

வேதியியல் துறையில் தராசு. அதன் கண்ணாடிப் பெட்டியை இராமலிங்கம் சார் பூஜை அறை மாதிரி வைத்திருக்கிறார். ஃபேனை நிறுத்த வேண்டும், பேசக் கூடாது, பெருமூச்சு விடவும் கூடாது.

நகுலன் தாள், சகாதேவன் தாள். இரண்டிலும் எண்ணெய் ஏறக்குறைய சமம். மூன்று முறை போட்டுப் பார்த்தார். "என்னம்மா, ஒரே ஆளோட தாளை ரெண்டா வெட்டிக் கொண்டாந்தீங்களா?" என்றார்.

எண்ணெய் ஒன்று. முகம் வேறு. எப்படி?

2-3-82

ரத்த வகைகள் வந்துவிட்டன. எல்லாம் ஒன்று. விரல் ரேகையின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்று. நாக்கில் வைத்தால் சிலருக்கு மட்டும் கசக்கும் பரிசோதனைத் தாள் இருவருக்கும் சப்பென்றிருந்தது, அதுவும் ஒன்று. ஒரே கரு இரட்டையர்தான், சந்தேகமே இல்லை.

இந்த ஒரு ஜோடி போதும் என் கணக்கைக் கவிழ்க்க. இதுவரை கிடைத்த ஒரே கரு ஜோடிகள் எட்டு. ஏழில் முகங்கள் அழகாக ஒத்துப்போகின்றன. எட்டாவதாக இவர்கள்.

6-3-82, மதராஸ்

கைடு ராமகிருஷ்ணன் சார் தாளைப் புரட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தேகமான ஜோடியை விட்டுடுங்க ஆதிலட்சுமி. வட ஆற்காட்டுல இரட்டைப் பிள்ளைகளுக்கா பஞ்சம்?"

சந்தேகம் எதுவும் இல்லை என்பதுதானே சார் சங்கடமே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். செஞ்சி தாண்டுகிற வரை என் மேலேயே கோபமாக இருந்தது.

8-3-82

எழுதியே விடுகிறேன். நேற்று பென்சிலால் அவர்களை 'இரண்டு கரு' பத்தியில் எழுதினேன். அங்கே போட்டால் எல்லாம் சரியாக வருகிறது. முகம் வேறாக இருப்பது அங்கே தப்பே இல்லை.

இன்று காலை அழித்தேன். தாள் கொஞ்சம் நைந்துவிட்டது.

16-3-82, செவ்வாய்

புது ஜோடியின் ரத்த வகை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டி.பி. பிரிவுக்கு வெளியே மாத்திரை வாங்க நீள வரிசை. அதில் துண்டால் தலையைப் போர்த்திக்கொண்டு ஒருவன். கையைப் பார்த்தேன். அந்த விரல்களில் நான்தானே மை தடவி ரேகை எடுத்தேன்.

சகாதேவன்.

என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் விளங்கிவிட்டது. டி.பி. மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு இப்படி ஒரே அளவில் பரு கிளம்பும் என்று கைடு கொடுத்த புத்தகம் ஒன்றில் ஒரு வரி படித்திருக்கிறேன். தேடி எடுத்தேன். கரும்புள்ளி இருக்காது என்பதுவரை போட்டிருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் ஜோடி பிழைத்துக்கொண்டது, என் கணக்கு பிழைத்துக்கொண்டது என்று. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரை அந்தச் சந்தோஷத்திலேயே நின்றிருக்கிறேன். பால் கருகுகிற வாசனையில்தான் அந்தப் பையனுக்கு டி.பி. என்பது மண்டையில் ஏறியது. என்ன மனுஷி நான்?

29-3-82, திங்கள்

மதியம் கல்லூரிக்கு வந்தான். அவனாகவே. லேபுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்ததும் திகைத்தேன். பாதிக்கு மேல் தெளிந்திருக்கிறது.

"பாருங்க மேடம். நல்லாயிடுச்சி. மொதலாளி மறுபடி கவுண்டருக்கு வரச் சொல்லிட்டாரு."

"எப்படிப்பா?"

"அந்த மாத்திரைய நிறுத்திட்டேன். அதனாலதான் வருதுன்னு எனக்கே தெரிஞ்சி போச்சி. மூணு வாரம் ஆவுது."

"அன்னிக்கு வரிசையில நின்னியேப்பா?"

"வாங்கலன்னா வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்க மேடம். வாங்கி வழில கொட்டிடுவேன்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த மலர்ச்சி! "உங்க கணக்குக்கு ஆவும்னுதான் சொல்ல வந்தேன். நீங்க அவ்ளோ கேட்டீங்க, நான் பொய் சொல்லிட்டேன். எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. எங்கப்பா அந்த நோவுலதான் போனாரு. நகுலனுக்கும் தெரியாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிவிட்டேன். அவன் கையை நீட்டிக்கொண்டு நின்ற விதத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

"இருமல் இருக்கா?"

"கொஞ்சம்" என்றான்.

30-3-82

தூக்கமில்லை. இவரிடம் சொன்னேன். சத்தியம் பண்ணினதையும் சொன்னேன். பாதி சத்தியம் அங்கேயே உடைந்தாயிற்று.

இவர் எழுந்து விளக்கைப் போட்டார். பிறகு, "ஒரே பாய்ல படுக்கறவங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

ஆமாம். ஒரே பாய். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

1-4-82

டி.பி. டாக்டரைப் பார்த்தேன். பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். கெட்டிக்காரர், பெயர் கேட்கவில்லை.

"இந்த மாத்திரை சிலர் உடம்புல சீக்கிரம் கழிஞ்சிடும், சிலர் உடம்புல மெதுவாத்தான் போகும். அது பிறப்போடு வர்றது, அப்பா அம்மா குடுக்கறது. மெதுவாப் போறவங்கள்ல சிலருக்கு முகம் இப்படி ஆகும். கோர்ஸ் முடிஞ்சா தானா அடங்கும். ஆனா நடுவுல நிறுத்தினவன் திரும்பி வர்றப்ப அதே மாத்திரை கேக்காமப் போகலாம். யாருன்னு சொல்ல வேணாம், இந்த வாரமே கூட்டிட்டு வாங்க."

பிறப்போடு வருவது. அப்படியானால் நகுலன் உடம்பும் அப்படித்தான். அவன் வாயில் மாத்திரை போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என் எட்டாவது ஜோடி மற்ற ஏழு ஜோடிக்கு எதிரி இல்லை.

இதை எழுதும்போதும் சந்தோஷம்தான். ஆனால் இன்று அதற்கு வெட்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். 'நீ சொல்லு, இல்லையென்றால் நான் சொல்வேன்' என்று அவனிடமே சொல்லிவிடப் போகிறேன். திட்டட்டும்.

4-4-82, ஞாயிறு

நான் சொல்ல வேண்டி வரவில்லை.

போனபோது பையன்கள் இருவரும் கிணற்றுக்குப் போயிருந்தார்கள். காசியம்மாள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டையில் தட்டுகிற கை நிற்கவேயில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். தாள், பஞ்சு, ஈதர் புட்டி எதுவும் இல்லாமல் நான் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்தார். பிறகு அவராகவே பேசினார். சொன்னது சொன்னபடி எழுதி வைக்கிறேன்.

"சின்னவனுக்காகத்தான வந்தீங்க டீச்சரம்மா? எனக்குத் தெரியும். அவங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான் வந்துச்சி. மாத்திரை தின்ன ஆரம்பிச்சி மூணாம் மாசம். இதே நெத்தி, இதே மாரு. அம்மை போட்ட மாதிரி. ஊர்ல எவனும் கிட்ட வர மாட்டான். நோவுகூடப் போவட்டும், மூஞ்சியே பூடுச்சேன்னு பாதில வுட்டுட்டாரு. மூஞ்சி தெளிஞ்சிடுச்சி. ஒரு வருசம் நல்லாதான் இருந்தாரு. அப்பறம் எந்த மாத்திரையும் கேக்கல."

"அப்ப தை மாசத்துலயே உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்த அன்னிக்கே தெரியும். மாத்திரை திங்கறான், பொழைச்சிக்குவான்னு நெனச்சேன். அந்த மூஞ்சிய தெனம் பார்த்து மனசு குளுந்துச்சின்னா நம்புவீங்களா? இப்ப மூணு வாரமா தெளியுது. அது தெளியத் தெளிய, ராவெல்லாம் அவன் இருமறானான்னு கேட்டுக்கிட்டே கெடக்கறேன்."

கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டா இல்லன்னுவான். இல்லன்னு சொன்ன புள்ளைய மறுபடி எப்பிடிக் கேக்கறது?"

அப்போது இருவரும் ஈரத் தலையோடு வந்து சேர்ந்தார்கள். சகாதேவன் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தான். காசியம்மாள் எழுந்து போய் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஏன்டா உட்ட? உங்கப்பன் உட்ட மாதிரி நீயும் ஏன்டா உட்ட?" என்றார். அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவன் குந்தி உட்கார்ந்து அழுதான். நகுலனுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ தனியாப் படுக்கச் சொல்லுவ."

"சொல்லத்தான்டா சொல்லுவேன்! நோவு தீந்தா திரும்ப வந்து படு. யாரு வேணான்னது?"

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸைத் தவறவிட்டேன். மாட்டு வண்டியில் கீழ்பென்னாத்தூர் வரை நகுலன் கொண்டுவந்து விட்டான்.  இறங்கும்போது, "நாளைக்கு நானே கூட்டிம்போறேன் மேடம்" என்றான்.

6-4-82

மூன்று பேருக்கும் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. டாக்டர் ஊசியும் மாத்திரையும் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிவிட்டார்.

13-4-82

காசியம்மாளுக்கும் நகுலனுக்கும் ஒன்றுமில்லை. சகாதேவன் சளியில் கிருமி கொஞ்சம்தான். மாத்திரை இன்னும் கேட்கும் என்று டாக்டர் நம்புகிறார். நாளைக்கு வருஷப் பிறப்பு. பாயசம் இரண்டு பங்காக வைக்கப் போகிறேன்.

20-6-82

சகாதேவன் முகத்தில் மறுபடி சிவப்பு. மறுபடி குடோன். "எண்ணிக்குங்க மேடம்" என்று சிரித்தான். நூற்று இருபத்தாறு.

கடையில் சிலர் ஏதோ சொன்னதற்கு, "இது மருந்து வேலை செய்றதுக்கு அடையாளம்" என்று பதில் சொன்னானாம். என்ன நோய் என்று சொல்லவில்லை. வேலை போய்விடும். அது அவன் இஷ்டம்.

14-8-82, மதராஸ்

ராமகிருஷ்ணன் சாரோடு சண்டை. சண்டை என்றால் அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றேன். முதல் தடவையாக நான் அதிகம் பேசினேன்.

"ஒரு ஜோடிக்காக ஒரு அத்தியாயமா?"

"ஒரு ஜோடி இல்ல சார், ஒரு குடும்பம். அப்பாவுக்கும் அதே மாத்திரைக்கு அதே மாதிரி முகம் ஆயிருக்கு. பிறப்போட வந்தது மூணு பேர் உடம்புலயும் ஒன்னாவே இருந்திருக்கு. மாத்திரை போன ரெண்டு முகத்துல மட்டும் கிளம்பியிருக்கு. முகப்பரு பரம்பரையா, வெளியிலேருந்து வர்றதான்னு நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இதைப் பார்த்தா அந்தக் கேள்வியே சரியில்லன்னு படுது."

"அப்பா முகத்தை நீங்க பார்க்கலியே. அந்த அம்மா சொன்னதுதானே?"

"ஆமா சார். அவங்க சொன்னதுன்னே எழுதறேன். நிரூபணம்னு எழுதல."

சார் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பேர் வரக் கூடாது, ஊர் வரக் கூடாது" என்றார். அதுதான் சம்மதம்!

29-11-82

ஊர் முழுக்க தீபக் கூட்டம். கல்லூரிக்கு லீவு. நகுலனும் அம்மாவும் மலை சுற்ற வந்தவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டார்கள். சகாதேவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவன் மட்டும் இங்கேயே இருந்து சரோஜாவுக்குத் துணி மடிக்கக் கற்றுக்கொடுத்தான். கடையில் அடுக்குகிற மாதிரி. என் சேலைகளையெல்லாம் கடை அலமாரி மாதிரி அடுக்கி வைத்துவிட்டார்கள். எதை உருவினாலும் மொத்தமும் சரிகிறது.

போகும்போது காசியம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, "உங்களுக்கும் சின்ன வயசுல நெறைய இருந்துச்சோ?" என்று கேட்டார்.

"நெறைய."

"வலிச்சிருக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் அழகு கெட்டதைப் பற்றிப் பேசாமல் வலியைப் பற்றிப் பேசின பெரியவர் இவர்தான்.

9-3-83

முப்பத்தெட்டாவது ஜோடி. நாற்பது வராது போலிருக்கிறது. இவர் மார்க்கெட்டுக்கு வருகிற எல்லா ஊரையும் கேட்டு முடித்துவிட்டார். முப்பத்தெட்டே போதும் என்று கைடு எழுதியிருக்கிறார்.

2-10-83

சகாதேவனுக்கு மருந்து முடிந்தது. கடைசி மூன்று சளிப் பரிசோதனையும் சுத்தம். ஆஸ்பத்திரி அட்டையில் டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். ஒரு படி பச்சை மல்லாட்டை கொண்டுவந்தார்கள். அவித்துத் தின்றோம்.

17-11-83

எழுதுகிறேன், எழுதுகிறேன், எழுதுகிறேன். சமையல் இவர்.

21-11-83

சமையல் மறுபடி நானே.

11-7-84, மதராஸ்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களை மளமளவென்று தாண்டினார். ஒரே கரு ஜோடிகளில் எண்ணெய் ஒத்துப்போவதையும், பின்னால் வந்த சில ஜோடிகளில் பருவின் கடுமை அந்த அளவுக்கு ஒத்துப்போகாததையும் மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு ஐந்தாம் அத்தியாயத்தில் வந்து நின்றார்.

"இந்த ஜோடியை நீங்க விட்டிருந்தா உங்க முடிவு இன்னும் பலமா இருந்திருக்குமே?"

"ஆமா சார். விடலாமான்னு யோசிச்சேன்." பென்சில் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். ராமகிருஷ்ணன் சார் நாற்காலியில் நெளிந்தார்.

தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். "மருந்துக்கு அப்பறம் அந்தப் பையன் எப்படி இருக்கான்?" அதுதான் கடைசிக் கேள்வி.

நன்றாக இருக்கிறான் என்றேன். அரை மணி கழித்து உள்ளே கூப்பிட்டு, டாக்டர் ஆதிலட்சுமி என்று சொன்னார்கள். இவர் வராந்தாவில் யாரோ ஒரு பியூனிடம், அவர் ஊரில் இரட்டையர் உண்டா என்று பழக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

16-7-84

கல்லூரியில் இனிப்புக் கொடுத்தேன். இராமலிங்கம் சார் ஒரு லட்டு எடுத்துக்கொண்டு, "அப்ப மல்லாட்டை தின்னலாம்ங்கறீங்க?" என்றார். தாராளமாக என்றேன். "முப்பது வருஷம் வேஸ்ட்" என்றார்.

2-2-85, சனி

காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பரு வந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எளிமையாகச் சொல்ல வேண்டுமாம். பஸ் வரும்வரை வெயிலில் நின்றிருந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் குதித்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். நல்ல வாட்டசாட்டம். முகத்தில் நெற்றிப் பக்கம் இரண்டே பரு, அந்த வயதுக்கு உள்ளதுதான். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு.

"வணக்கம் மேடம். வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன். எனக்குப் பங்குனியில கல்யாணம். நீங்களும் சாரும் மொத நாளே வந்துடணும்னு அம்மா சொல்லிச்சி."

எனக்கு ஒரே சந்தோஷம். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரிக்கக்கூட இல்லை, கேட்டேன்:

"ரொம்ப சந்தோஷம் நகுலா. கண்டிப்பா வர்றோம். தம்பி எப்படி இருக்கான்?"

அவன் சிரித்தான்.

"தம்பிதான் மேடம் பேசறேன்."